திரையில் இருந்த கண்ணாடி எங்கே போயிற்று?
(வீட்டுக் கணினியைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரை)



சரித்திரம் என்றதும் கடாரம், சோழன், மலாக்கா சுல்தான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். இந்த மலரில் அவையெல்லாம் வேறு பக்கங்களில் வரும். நான் எழுத வந்தது உங்கள் வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கணினியின் திரையைப் பற்றிய சரித்திரம். அதிலும் ஒரே ஒரு சங்கதி. நேற்று வரை திரையின் ஓரங்கள் கண்ணாடி போலப் பளபளத்தன. சன்னல்கள் வழுக்கிக்கொண்டு திறந்தன, மூடின. இன்று காலையில் பார்த்தால் எல்லாம் மொட்டையாக, சாம்பல் பூசியது போல இருக்கிறது. பிள்ளை, “அப்பா, கம்பியூட்டர் கெட்டுப் போச்சு!” என்கிறான். உண்மையில் கெட்டுத்தான் போயிற்றா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் “இல்லை” என்று சொன்னால் மட்டும் போதாது. இந்தக் கண்ணாடி எப்படி வந்தது, யார் கொண்டு வந்தார்கள், எதனால் போகிறது என்று தெரிந்தால்தான் பட்டணத்துக் கடையில் நாம் ஏமாறாமல் நிற்க முடியும். ஆகவே கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

கணினித் திரையில் சன்னல்கள் என்ற யோசனை அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், செராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. 1973-இல் அங்கே ஆல்டோ என்ற கணினியைச் செய்தார்கள். மேசைமேல் காகிதங்களைப் பரப்பி வைப்பது போலத் திரையிலும் பரப்பலாம் என்று காட்டியது அந்தக் கூடந்தான். 1984 சனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் வந்தது. அதன் திரை 9 அங்குலம். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. கண்ணாடியாவது, பளபளப்பாவது! 1985 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் முதல் விண்டோஸை விற்பனைக்கு விட்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க முடியாது. பழைய லயத்து வீடுகள் போல ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று விழும் சன்னல்கள் விண்டோஸில் 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வந்தன.

நிற்க. இங்கே ஒரு தொழில் இரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அந்தக் காலத்து முறை இப்படி: வகுப்பில் ஒரே ஒரு கரும்பலகை. பத்து மாணவர்கள். ஆளுக்கு ஒரு மூலையைக் கொடுத்து நேராகப் பலகையிலேயே எழுதச் சொல்லிவிட்டோம். ஒருவன் எழுதியதன்மேல் இன்னொருவன் எழுதிவிட்டால், அடியில் இருந்தது அழிந்துவிடும். மேலே எழுதியவன் விலகியதும் ஆசிரியர் முதல் மாணவனைக் கூப்பிட்டு, “டேய், உன் இடத்தை மறுபடி எழுது” என்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் தூங்கிப் போயிருந்தால்? அந்த இடம் அலங்கோலமாகவே கிடக்கும். விண்டோஸ் 95, விண்டோஸ் எக்ஸ்பி பயன்படுத்திய அண்ணன் அக்காமார்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஒரு நிரல் உறைந்து போனால், அதன்மேல் வேறு சன்னலை இழுக்கும்போது சீட்டுக்கட்டு விரித்தது போல ஒரே சன்னலின் நகல்கள் திரை முழுதும் அப்பிக்கொள்ளும். அது பேயுமில்லை, வைரசும் இல்லை. தூங்கிப் போன மாணவன், அவ்வளவுதான்.

புது முறை வேறு. ஒவ்வொரு மாணவனுக்கும் தனிச் சிலேட்டு. யாரும் கரும்பலகையைத் தொடக் கூடாது. தலைமை மாணவன் ஒருவன் எல்லாச் சிலேட்டையும் வாங்கி, எது மேலே எது கீழே என்று அடுக்கி, கரும்பலகையில் தானே ஒரு படமாகப் போடுவான். எல்லாச் சிலேட்டும் அவன் கையில் இருப்பதால், ஒன்றைக் கண்ணாடியாக்கி அடியில் உள்ளதைக் காட்டலாம். நிழல் விழச் செய்யலாம். சுருக்கலாம், உருட்டலாம், ஆட்டலாம். திரையின் வித்தைகள் அத்தனைக்கும் மூலம் இந்தத் தலைமை மாணவன்தான். ஆனால் அவன் ஒரு விநாடிக்குள் அறுபது முறை படம் போட வேண்டும். அதற்குக் கணினியின் மூளை மட்டும் போதாது. படம் போடுவதற்கென்றே உள்ள சில்லு, அதாவது கிராபிக்ஸ் கார்டு, கை கொடுக்க வேண்டும். அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற நிரலும் வேண்டும். லாரி இருந்தும் டிரைவர் வராவிட்டால் குலை ஆலைக்குப் போகுமா? அதே கதைதான்.

இந்த முறையை வீட்டுக் கணினிக்கு முதலில் பெரிய அளவில் கொண்டு வந்தவர்கள் ஆப்பிள்காரர்கள். 2001 மார்ச்சில் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் இப்படித்தான் வேலை செய்தது. சன்னலைச் சுருக்கினால் குப்பிக்குள் புகும் பூதம் போல அது கீழே வழிந்து போகும். பிள்ளைகள் அதை மட்டுமே பத்துத் தடவை செய்து பார்ப்பார்கள். முதலில் அந்தப் பாரத்தை மூளையே சுமந்தது. 2002 ஆகஸ்டில் வந்த அடுத்த பதிப்பில்தான் கிராபிக்ஸ் கார்டின் தலையில் ஏற்றினார்கள். 16 எம்.பி. நினைவகம் உள்ள கார்டு வேண்டும் என்று விதி. அது இல்லாத பழைய மேக்கிலும் அழகு போய்விடவில்லை, வேகந்தான் குறைந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

லினக்ஸ் உலகத்தில் டேவிட் ரெவ்மன் என்பவர், நோவெல் நிறுவனத்தில் இருந்தபோது, 2006-இல் காம்பிஸ் என்ற தலைமை மாணவனை எழுதினார். நான்கு மேசைகளை ஒரு கனசதுரத்தின் நான்கு பக்கங்களில் ஒட்டிச் சுழற்றலாம். சன்னலைப் பிடித்து இழுத்தால் அகார் அகார் மாதிரி தளதளவென்று ஆடும். 2007 அக்டோபரில் வந்த உபுண்டுவில் இது தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தது. இலவசம் வேறு! ஆனால் அங்கும் டிரைவர் தொல்லை உண்டு. அமைப்பைப் புதுப்பித்த மறுநாள் கார்டுக்கான டிரைவர் பொருந்தாமல் போகும்; கனசதுரமும் காணாமற் போகும்.

இனி பெரிய கதைக்கு வருவோம். நம் வீடுகளில் வந்து இறங்கியது பெரும்பாலும் விண்டோஸ்தானே.

2007 சனவரி 30-ஆம் நாள் விண்டோஸ் விஸ்தா பொதுமக்களுக்கு வந்தது. அதன் அலங்காரத்துக்கு ஏரோ என்று பெயர். சன்னலின் விளிம்பெல்லாம் மங்கிய கண்ணாடி. பின்னால் இருப்பது புகைமூட்டத்தில் தெரிவது போலத் தெரியும். சன்னல்களைச் சீட்டுக்கட்டாகச் சாய்த்து நிறுத்திப் புரட்டிப் பார்க்கலாம். மயங்காதவர் யார்? ஆனால் கண்ணாடிக்கு நிபந்தனைகள் இருந்தன. டைரக்ட்எக்ஸ் 9 தெரிந்த கார்டு வேண்டும், புது மாதிரி டிரைவர் வேண்டும், வண்ணம் 32 பிட் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விஸ்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டை உடுப்பைப் போட்டுக்கொள்ளும். ஆப்பிள் போல “மெதுவாகவாவது காட்டுகிறேன்” என்று சொல்லாது.

தகராறு இதிலேதான் பிறந்தது. விஸ்தா வருவதற்கு முன்பே, 2006-இல், கடையில் நின்ற எக்ஸ்பி கணினிகளில் ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். “இது விஸ்தாவுக்குத் தகுதியானது” என்று அதன் பொருள். 512 எம்.பி. நினைவகமும் 800 மெகாஹெர்ட்ஸ் மூளையும் இருந்தாலே அந்தச் சீட்டு கிடைத்துவிடும். கண்ணாடி ஓடுவதற்கோ வேறு சீட்டு. அதற்கு 1 ஜி.பி. நினைவகமும் நல்ல கார்டும் வேண்டும். இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சாமானியனுக்கு எப்படித் தெரியும்? வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், பிறகு விஸ்தாவைப் போட்டுப் பார்த்தார்கள். விளம்பரத்தில் கண்ட கண்ணாடி வரவே இல்லை. அவர்களுடைய கணினி ஹோம் பேசிக் என்ற கீழ்ப்பதிப்பைத்தான் தாங்கும். அந்தப் பதிப்பில் கண்ணாடியே கிடையாது.

2007-இல் சியாட்டல் நகர நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. 2008 பிப்ரவரியில் நீதிபதி, பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே தொகுதியாக வழக்காட அனுமதித்தார். அப்போதுதான் மைக்ரோசாப்டின் உள் கடிதங்கள் வெளியே வந்தன. என்னென்ன சங்கதிகள் அதில்! அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரே சீட்டை நம்பி மடிக்கணினி வாங்கி ஏமாந்திருக்கிறார். 2,100 டாலர் கொட்டிக் கொடுத்தும் மின்னஞ்சல் பார்க்கத்தான் அது உதவுகிறது என்று அவர் புலம்பி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரனே தன் வீட்டில் வழுக்கி விழுந்த கதை! இன்னொரு கடிதத்தில், இன்டெல் நிறுவனத்தின் 915 என்ற பழைய சில்லுகள் விற்றுத் தீர வேண்டும், அந்தக் காலாண்டில் அதன் வருமானம் தேற வேண்டும் என்பதற்காகவே தகுதி விதியைத் தளர்த்தினோம் என்று ஓர் அதிகாரி எழுதியிருந்தார். எங்கள் கணக்கு வழக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்டெல் மறுத்தது. யார் சொன்னது மெய் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விதி தளர்ந்தது மட்டும் மெய்.

முடிவு என்ன ஆயிற்று? 2009 பிப்ரவரியில் அதே நீதிபதி, இதைத் தொகுதி வழக்காகத் தொடர முடியாது என்று தீர்த்துவிட்டார். வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காடலாமாம். ஒரு மடிக்கணினிக்காகத் தனி ஆளாக மைக்ரோசாப்டோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்? என் அபிப்பிராயத்தில், கணினி விற்பனைச் சரித்திரத்தில் பெற்றோர்கள் அவசியம் படிக்க வேண்டிய அத்தியாயம் இது. இரண்டாயிரம் டாலர் போட்ட பெரிய அதிகாரிக்கே அந்தக் கதி என்றால், மாதக் கடைசியில் எண்ணி எண்ணி நோட்டை எடுத்துக் கொடுக்கும் நமக்குச் சொல்லவும் வேண்டுமா?

2009 அக்டோபர் 22-இல் விண்டோஸ் 7 வந்தது. பழைய தவறுகளைத் திருத்திக்கொண்டு வந்த நல்ல பிள்ளை. கண்ணாடி அதிலும் உண்டு. ஒரு சன்னலைப் பிடித்துக் குலுக்கினால் மற்றவை கீழே ஒளிந்துகொள்ளும் விளையாட்டும் சேர்ந்தது. ஆனால் சின்ன நெட்புக் கணினிகளுக்கென்று ஸ்டார்ட்டர் என்றொரு மலிவுப் பதிப்பும் விற்றார்கள். அதிலே கண்ணாடி கிடையாது. பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பிள்ளையின் புகைப்படத்தைத் திரையில் வைக்க முடியாத கணினி! அப்படிப்பட்ட கணினியில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தால் அது கிணற்றில் இல்லாத தண்ணீரை இறைப்பது போலத்தான். ஆகவே எந்தப் பதிப்பு என்று முதலில் பார்ப்பது நியாயம்.

விண்டோஸ் 7-இல் கண்ணாடி மறைய இன்னும் பல வழிகள் இருந்தன. அலங்காரத்தோடு ஒத்துப் போகாத பழைய நிரல் ஒன்றைத் திறந்தால், “வண்ண அமைப்பை மாற்றிவிட்டேன்” என்று கணினியே ஒரு மூலையில் அறிவிப்புப் போடும். அந்த நிரலை மூடினால் கண்ணாடி தானே திரும்பி வரும். பிள்ளை எதையோ அழுத்தி வண்ணத்தை 16 பிட்டாக்கி வைத்தாலும் போய்விடும். நினைவகம் தட்டுப்பட்டாலும் போகும். சில சமயம் டிரைவரைச் சரியாகப் போட்ட பிறகும் வராது. ஏனென்றால் கணினி தனக்குத் தானே 1.0 முதல் 7.9 வரை மதிப்பெண் போட்டுக்கொள்ளும். டிரைவர் இல்லாத நாளில் போட்ட பழைய மதிப்பெண்ணையே வைத்துக்கொண்டு, “எனக்கு இந்த வேலைக்குத் தகுதியில்லை” என்று உட்கார்ந்திருக்கும். மறுபரீட்சை வைத்தால் சரியாகிவிடும். நம் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு. அதை வேறு கட்டுரையில் எழுதுவேன்.

2012 அக்டோபர் 26-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்டே கண்ணாடியைத் தூக்கி எறிந்தது. ஏரோ பழைய மோஸ்தர் ஆகிவிட்டது, பகட்டாகத் தெரிகிறது என்று அவர்களே எழுதினார்கள். ஐந்து வருடத்துக்கு முன் எதைக் காட்டிப் புதுக் கணினி விற்றார்களோ, அதையே! அந்த வருடம் விண்டோஸ் 8 போட்டவர்களில் எத்தனையோ பேர் கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவரத் தலைகீழாக நின்றார்கள். அது பழுதல்ல, கம்பெனியின் முடிவு. ஆனால் தலைமை மாணவன் போகவில்லை. விண்டோஸ் 8 முதல் அவனை நிறுத்தவே முடியாது. கார்டு உதவாவிட்டாலும் மூளையைக் கொண்டாவது படத்தைப் போட்டுவிடுவான், மெதுவாக. ஆப்பிள் 2002-இல் செய்ததை மைக்ரோசாப்ட் பத்து வருடம் கழித்துச் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2015 சூலை 29-இல் வந்த விண்டோஸ் 10-இலும், 2021 அக்டோபர் 5-இல் வந்த விண்டோஸ் 11-இலும் கண்ணாடி வேறு உருவத்தில் திரும்ப வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது மறைந்திருப்பது பெரும்பாலும் இந்தக் கண்ணாடியாகத்தான் இருக்கும்.

இதைத் தேட ஒரு முறை உண்டு. பணச் செலவில்லாத இடத்தில் தொடங்க வேண்டும். மடிக்கணினி என்றால் முதலில் மின்கம்பியைச் சொருகிப் பாருங்கள். பேட்டரி குறைந்து சிக்கனத்துக்குப் போனால் கண்ணாடியைக் கணினியே அணைத்துவிடும். மின்சாரம் வந்ததும் கண்ணாடியும் வந்தால் விஷயம் முடிந்தது. வரவில்லையா? செட்டிங்ஸ் திறந்து, பெர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ், அதற்குள் டிரான்ஸ்பேரன்சி எஃபெக்ட்ஸ் என்ற பொத்தான் அணைந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11-இல் ஆக்சசிபிலிட்டி என்ற பகுதியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் என்பதற்குள்ளும் அதே பொத்தான் இருக்கிறது. சன்னல்கள் வழுக்கித் திறப்பதற்கான பொத்தானும் அதன் கூடவே இருக்கிறது. கண் பார்வை குறைந்தவர்களுக்கான அழுத்தமான வண்ண அமைப்பை யாராவது போட்டு வைத்திருந்தாலும் கண்ணாடி தெரியாது. கணினியைக் கடையில் “வேகமாக்கி” வாங்கி வந்தீர்களா? அப்படியானால் அலங்காரம் அத்தனையையும் ஒரே சொடுக்கில் அணைத்திருப்பார்கள். பழைய கணினிக்கு அது நல்லதுங்கூட. நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் திரை மொட்டையாக இருந்தால், எழுத்தெல்லாம் பூதம் போலப் பெரிதாகத் தெரிந்தால், படம் ஓடும்போது நொண்டினால், அப்போது டிரைவரைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு, டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்பிளே அடாப்டர்ஸ். அங்கே இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்ற பெயர் இல்லாமல் “மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்” என்று இருந்தால், லாரிக்கு இன்னும் டிரைவர் வந்து சேரவில்லை என்று பொருள்.

நம் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தந்தை, பட்டணத்துக் கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்த கணினியோடு ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தார். “சார், கார்டு செத்துப் போச்சாம். புதுசு வாங்கச் சொல்றாங்க. ஆயிரத்து இருநூறு வெள்ளியாம்” என்றார். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் ஆயிரத்து இருநூறு என்றால் வீட்டில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தோம்; நான் மேலே சொன்ன அதே பெயர். கணினியின் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து, அதைச் செய்த கம்பெனியின் பக்கத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டோம். கைப்பேசி இணையத்தில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரை பழையபடி வந்துவிட்டது. அவருடைய மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது டிவைஸ் மேனேஜர் எங்கே இருக்கிறது என்று அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

உண்மையிலேயே கார்டு சாவதும் உண்டு, மறைக்கக் கூடாது. திரையில் கோடு கோடாக விழும், கட்டங்கட்டமாகச் சிதறும், விண்டோஸ் திறக்கும் முன்பே நிறம் மாறித் தெரியும். அதெல்லாம் டிரைவருக்கு அடங்காது. பழுது பார்க்கிறவரிடந்தான் போக வேண்டும். கண்ணாடி மட்டும் போயிருந்தால் அந்த அடையாளங்கள் இருக்காது.

இந்தச் சரித்திரம் 2009-இல் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தியது. வீட்டுக்காரர்கள் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று ஒரு தவணையும் கொடுத்தது. விண்டோஸ் 11-க்கு மாறவோ மறுபடியும் தகுதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. இம்முறை கேட்பது கண்ணாடிக்கான கார்டை மட்டுமல்ல, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும், மூளையும் ஏறக்குறைய 2017, 2018-க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்கு முந்திய கணினிகள் நன்றாக ஓடினாலும் பட்டியலில் சேராது. ஆனால் ஒன்று. பல கணினிகளில் அந்தச் சில்லு உள்ளேயே இருக்கிறது, பயாஸ் அமைப்பில் அணைந்து கிடக்கிறது. “பிசி ஹெல்த் செக்” என்று மைக்ரோசாப்டே இலவசமாக ஒரு நிரல் தருகிறது. உங்கள் கணினியில் எது குறை என்று அது பெயர் சொல்லிக் காட்டும். கடைக்காரர் “இதுக்கு விண்டோஸ் 11 போகாது” என்று சொன்னால், அந்த நிரலை அவர் முன்னிலையிலேயே ஓட்டச் சொல்லுங்கள், குறை டி.பி.எம். என்று வந்தால், பயாஸில் அதை ஏற்றிவிட்டு இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.